பதினோரு ஸ்கிரிப்டும் ஓர் அரைப்புள்ளியும்

ரொம்ப நாள் கழிச்சு ஆணி புடுங்குறதைப் பத்தி ஒரு பதிவு. பொட்டி தட்டாத மக்கள் பயந்து ஓட வேண்டாம், பாதிக்கு மேல எங்க ஊர்க் கதைதான்.

போன ஆவணியில இளையாத்தங்குடிக்குப் போயிருந்தேன். பங்காளி வீட்டுக் கல்யாணம். கோயில்ல மாலைக்குச் சொல்லிட்டு வரணும்னு என்னையும் வண்டியில ஏத்திக்கிட்டாங்க. கைலாசநாதரையும் நித்தியகல்யாணியையும் கும்பிட்டுட்டு வந்து மண்டபத்துல உக்காந்திருந்தப்ப, எதிர்த்தூண்ல சாஞ்சிருந்த ஒரு ஆச்சி என்னையே பாத்துக்கிட்டிருந்தாங்க. யார் வீடு, எந்த ஊரு, யார் பேரன்னு வழக்கமான விசாரணையெல்லாம் முடிஞ்சதும், "கம்ப்யூட்டர்ல என்னையக் கடன்காரியாக்குனவன் நீதானே தம்பி?"ன்னு கேட்டாங்க.

சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரலை. நடந்தது 2009-ல. அவங்க மறக்கலை, நானும் மறக்கலை.

நகரத்தார் அல்லாத நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். எங்க சமூகத்துல ஒன்பது நகரக்கோயில். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. எல்லாரும் இதுல ஏதாவது ஒரு கோயிலைச் சேர்ந்தவங்க. கல்யாணத்தன்னிக்குப் பொண்ணு கோயில்லேருந்தும் மாப்பிள்ளை கோயில்லேருந்தும் மாலை வரணும், அப்பத்தான் கல்யாணம் கணக்குல ஏறும். கல்யாணமான தம்பதி ஒரு 'புள்ளி'. ஊர்ல எத்தனை பேர்னு கேக்க மாட்டாங்க, எத்தனை புள்ளின்னுதான் கேப்பாங்க. பொதுக்காரியத்துக்குப் பணம் பிரிக்கிறதும் புள்ளிக்கு இவ்வளவுன்னுதான். தம்பதியில ஒருத்தர் தவறிட்டா மத்தவர் 'அரைப்புள்ளி'. கேக்கக் கொஞ்சம் கொடூரமா இருக்கும், ஆனா கணக்குப் பாஷை அது.

வெளியூர்ல இருக்கிற ஒரு சங்கத்துக்கு (பேரு வேண்டாம்) நான் 2006-ல ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். எழுதிக் கொடுத்தேன்னு சொன்னா பெருசா இருக்கு. பி.ஹெச்.பி 4, மைஎஸ்க்யூஎல், சனி ஞாயிறு, ஒரு ஃபிளாஸ்க் காப்பி. அவ்வளவுதான். உறுப்பினர் பட்டியலுக்கு ஒரு பக்கம், வரி போடுறதுக்கு ஒண்ணு, ரசீதுக்கு ஒண்ணு, பாக்கிக் கடிதத்துக்கு ஒண்ணு, அழைப்பிதழ் முகவரி ஒட்ட ஒண்ணு, வரன் பாக்க ஒண்ணு, இப்படி மொத்தம் 11 ஸ்கிரிப்ட். ஒவ்வொண்ணுலயும் தலைப்பகுதியிலேயே ஒரு செலக்ட் வாசகம். ஒரு பக்கத்துல வேலை செஞ்சதைக் காப்பியடிச்சு அடுத்த பக்கத்துல ஒட்டி, நாலு எழுத்தை மாத்துவேன். ஓடுச்சு. சங்கத்துல பொன்னாடை கூடப் போத்துனாங்க :-)

அரைப்புள்ளிக்குப் பாதி வரி. அது எங்க இருந்துச்சு தெரியுமா? 11 ஸ்கிரிப்ட்லயும் இருந்துச்சு. 'நிலை'ன்னு ஒரு கட்டம், அதுல 'அ'ன்னு இருந்தா தொகையை இரண்டால வகுன்னு அந்தந்தப் பக்கத்து வாசகத்துலயே எழுதியிருந்தேன்.

2009-ல சங்கம் ஒரு நல்ல முடிவு எடுத்துச்சு. இனி அரைப்புள்ளிகளுக்கு வரியே கிடையாது. செயலாளர் அண்ணன் போன் பண்ணிச் சொன்னார், நானும் அன்னிக்கு ராத்திரியே உக்காந்து மாத்திட்டேன். மாத்தினது 10 ஸ்கிரிப்ட். பதினொண்ணாவது, பாக்கிக் கடிதம் அடிக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை பங்குனியில மட்டும் ஓடுற பக்கம். மறந்தே போச்சு.

பங்குனியில அது ஓடுச்சு. 23 பேருக்குக் கடிதம் போச்சு. எல்லாருமே துணையை இழந்தவங்க, முக்காவாசிப் பேர் வயசான ஆச்சிகள். அந்தத் தூண்ல சாஞ்சிருந்த ஆச்சிக்கு அப்ப வீட்டுக்காரர் தவறி நாலு மாசம்தான் ஆகியிருந்துச்சு. அவர் இருந்தவரைக்கும் ஒரு பைசா பாக்கி வச்சதில்லையாம். கடிதத்தைக் கையில புடிச்சுக்கிட்டு, முந்தானையில முடிஞ்ச காசோட சங்கத்துக்கே வந்துட்டாங்க. "இந்தாங்க, ரசீது குடுங்க."

ரசீதுப் பக்கத்தை நான் சரியா மாத்தியிருந்தேன். அது 'வரி ஏதுமில்லை'ன்னு சொல்லி ரசீது அடிக்க மறுத்துடுச்சு. கடிதம் கடன் இருக்குங்குது, ரசீது கடன் இல்லைங்குது. ஒரே டேட்டாபேஸ், ஒரே ஆச்சி, ரெண்டு தீர்ப்பு. மேசையில இருந்த பையன் என்ன பண்ணுவான்? "கம்ப்யூட்டர் வாங்க மாட்டேங்குது ஆச்சி"ன்னு சொல்லியிருக்கான். அவங்க காசைத் திரும்ப முடிஞ்சுக்கிட்டு, ஒண்ணும் பேசாம வீட்டுக்குப் போயிட்டாங்க. பாக்கியைக் கட்ட விடலைன்னே ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டிருந்தாங்களாம்.

இந்தக் கதையை எங்க சொன்னாலும் இளவட்டங்க ஒரே பதில்தான் சொல்றாங்க: "ஸ்கிரிப்ட்டுக்குள்ள எஸ்.க்யூ.எல் எழுதினா இப்படித்தான் சார். ஓ.ஆர்.எம் போட்டிருக்கணும்." இதை நான் ஒத்துக்க மாட்டேன். இந்தப் பதிவே அதுக்குத்தான்.

எஸ்.க்யூ.எல்லை 1974-ல ஐ.பி.எம்ல சேம்பர்லினும் பாய்ஸும் சீக்வெல்ங்கிற பேர்ல முதல்ல வெளியிட்டாங்க. கம்ப்யூட்டர் படிக்காதவங்களும், கணக்கு வழக்குப் பாக்குறவங்க மாதிரி ஆட்களும், தானே கேள்வி கேட்டுப் பதில் வாங்கணும்ங்கிறது அவங்க எண்ணம். எங்க ஐயா காலத்துக் கணக்குப்பிள்ளைக்கு அந்த மொழியைக் கத்துக்குடுத்திருந்தா ஒரே வாரத்துல பேரேட்டைக் கேள்வி கேட்டிருப்பார். 'இந்த ஊர்ல, இந்தக் கோயில்ல, வரி கட்டாத புள்ளி யார் யார், பேர் வரிசையில குடு.' மனுஷன் கேக்குற மாதிரியே இருக்கு. இதை மறைக்கிறதுக்கு மேல ஒரு மூடி, அந்த மூடிக்கு ஒரு மூடின்னு போட்டுட்டு, கடைசியில 340 புள்ளிப் பட்டியலை எடுக்க உள்ளுக்குள்ள 341 தடவை டேட்டாபேஸ் கதவைத் தட்டுற ஸ்கிரிப்டை நான் ஆபீஸ்ல வாரம் ஒண்ணு பாக்குறேன். எழுதின பையனுக்கே தெரியாது. அவனுக்குத் தெரியுறது மூடி மட்டும்தான்.

அதோட, ஓ.ஆர்.எம் போட்டாலும் நான் 'நிலை அ-வா இருந்தா'ங்கிற நிபந்தனையை 11 இடத்துல எழுதியிருப்பேன். மொழிதான் மாறியிருக்கும், ஆச்சிக்குக் கடிதம் போயிருக்கும். வினவலை ஸ்கிரிப்ட்டுக்குள்ள வச்சது ஒரு தப்பே இல்லை. வினவலுக்குள்ள சங்கத்தோட தீர்மானத்தை வச்சு, அதையும் பதினோரு பிரதி எடுத்தேன் பாருங்க, தப்பு அங்க இருக்கு.

இதுல வெக்கக்கேடு என்னன்னா, எங்காளுங்களுக்கு இந்த விஷயம் நூறு வருஷத்துக்கு முன்னாடியே தெரியும். பர்மாவுல கொடுக்கல் வாங்கல் பண்ணின காலத்துல, ரங்கூன்ல மாசம் ஒரு தடவை செட்டியார்கள் கூடி 'நடப்பு வட்டி'ன்னு ஒரு விகிதத்தை முடிவு பண்ணுவாங்க. 1930-ல வந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு அறிக்கையில இதையெல்லாம் வெள்ளைக்காரன் விலாவாரியா எழுதி வச்சிருக்கான். நடப்பு வட்டியில கொடுத்த பணம்னா கணக்குல 'நடப்பு'ன்னு இருந்தா போதும், இந்த மாசம் அது எவ்வளவுங்கிறது ஒரே இடத்துல முடிவாகும். ஒவ்வொரு பெட்டியடியிலயும் உக்காந்து ஒவ்வொருத்தரும் தனித்தனியா ஒரு விகிதத்தை எழுதி வச்சுக்கிட்டிருந்தா, மாசாமாசம் எத்தனை பேரேட்டை அடிச்சுத் திருத்தணும், எத்தனை சண்டை வந்திருக்கும். அந்தக் கூட்டத்துல பொறந்தவன் நான், பதினோரு இடத்துல வகுத்தல் கணக்கு எழுதியிருக்கேன்.

வரன் பக்கத்துல நடந்தது இதுக்குத் தம்பி. ஒரே கோயில்னா வேணாம்னு 'கோயில் சமமில்லை'ங்கிற நிபந்தனையை மட்டும் போட்டு விட்டுட்டேன். பிள்ளையார்பட்டியும் இரணியூரும் அண்ணன் தம்பி முறை, பெண் கொடுத்து எடுக்கிறதில்லைங்கிறது சின்னப் புள்ளைக்கும் தெரியும். என் வினவலுக்குத் தெரியலை. பிள்ளையார்பட்டிப் பொண்ணுக்கு இரணியூர்ப் பையனை எடுத்துக் காட்டிடுச்சு. நல்லவேளை, பொண்ணோட அப்பத்தா ஜாதகத்தைப் பாக்குறதுக்கு முன்னாடி கோயிலைப் பாத்தாங்க.

அடுத்தது ஒட்டுவேலை. அந்தக் காலத்துல நாமெல்லாம் எழுதினது எப்படி? உலாவியிலேருந்து வந்த ஊர்ப் பேரை அப்படியே எடுத்து, ரெண்டு மேற்கோள்குறிக்கு நடுவுல சொருகி, புள்ளி வச்சு ஒட்டி (பி.ஹெச்.பியில ஒட்டுறதுக்கும் புள்ளிதான், எங்க போனாலும் இந்தப் புள்ளி விடாது) டேட்டாபேஸுக்கு அனுப்புறது. பேருக்குள்ளயே ஒரு மேற்கோள்குறி வந்தா வாசகம் அங்கேயே முடிஞ்சுரும், மிச்சமிருக்கிறதை டேட்டாபேஸ் கட்டளையாப் படிக்கும். பி.ஹெச்.பி தானா ஒரு சாய்கோடு போட்டுக் காப்பாத்தும்னு 'மேஜிக் கோட்ஸ்'னு ஒரு மாந்திரீகம் வச்சிருந்தாங்க, அதை நம்பி நாமளும் நிம்மதியா தூங்கினோம். 2012-ல, 5.4 பதிப்புல, அதைத் தூக்கியே எறிஞ்சுட்டாங்க.

இதுல வேடிக்கை, நமக்கு முந்தின தலைமுறை இந்தத் தப்பைப் பண்ணலை. ப்ரோ-சியிலயும் கோபால்லயும் (பக்கத்து வீட்டு கோபால் இல்லை, மெயின்ஃபிரேம் கோபால்) எஸ்.க்யூ.எல்லை நிரலுக்குள்ளயேதான் எழுதினாங்க. ஆனா மதிப்பு வர்ற இடத்துல ஒரு முக்காற்புள்ளி வச்சு, பக்கத்துல மாறியோட பேரை எழுதுவாங்க. வாசகம் வேற, மதிப்பு வேற, ரெண்டும் ஒட்டாது. ஒய்2கே சமயத்துல அமெரிக்கா போன நம்மாளுங்க எத்தனையோ பேர் இதைத்தான் எழுதினாங்க. வலைப்பக்கம் வந்ததும் அவசரத்துல அந்தப் பழக்கத்தை விட்டுட்டோம். 2005 கடைசியில பி.ஹெச்.பி 5.1-ஓட பி.டி.ஓ வந்தப்ப அதே முக்காற்புள்ளி திரும்ப வந்துச்சு. 'ஊர் = :ஊர்'. நான் எட்டிக்கூடப் பாக்கலை, நம்ம ஹோஸ்டிங்ல இருந்தது 4.

மறந்துபோன பக்கத்தோட ஆபத்து எனக்கு மட்டும் வந்ததுன்னு நினைக்காதீங்க. இங்கிலாந்துல டாக்டாக்னு ஒரு தொலைபேசி கம்பெனி. 2015 அக்டோபர்ல சுமார் 1,57,000 வாடிக்கையாளர் விவரம் களவு போச்சு. எப்படின்னு பாத்தா, 2009-ல அவங்க வாங்கின டிஸ்கலிங்கிற கம்பெனியோட கூடவே வந்த மூணு பழைய வலைப்பக்கம். அப்படிப் பக்கங்கள் இருக்குன்னே அவங்களுக்குத் தெரியாது. அதுல ஒட்டுப்போட்ட வினவல். மறு வருஷம் 4 லட்சம் பவுண்ட் அபராதம். பங்குனிக்குப் பங்குனி ஓடுற என் ஸ்கிரிப்ட்டோட பெரியப்பா அது.

தனி ஹோஸ்டிங் வச்சிருந்த நம்ம வலைப்பதிவு மக்களுக்கு இன்னொண்ணு ஞாபகம் இருக்கும். 2007 செப்டம்பர்ல வேர்ட்பிரஸ் 2.3 வந்துச்சு. வகைகளுக்குன்னு இருந்த பழைய அட்டவணைகளைத் தூக்கிட்டு, குறிச்சொல்லையும் சேத்துப் புது அட்டவணை போட்டாங்க. வேர்ட்பிரஸோட சொந்த ஃபங்ஷன் மூலமா கேட்ட நீட்சிகள் தப்பிச்சுது. அட்டவணைப் பேரை நேரா வினவல்ல எழுதியிருந்ததெல்லாம் பல்லிளிச்சுது. எத்தனை பேர் பக்கப்பட்டை அன்னிக்குக் காணாமப் போச்சு!

இப்ப ஒரு தமிழ்க் கூத்து சொல்றேன், சிரிச்சுட்டு மேல போகலாம். சங்கத்தோட பழைய பெயர்ப் பட்டியல் பாமினி எழுத்துருவுல இருந்துச்சு. டி.டி.பி கடையில அடிச்சது. யூனிகோடுக்கு மாத்தச் சோம்பல்பட்டு அப்படியே ஏத்திட்டேன். பாமினியில மெய்யெழுத்துக்கு மேல வைக்கிற புள்ளி எந்த விசையில இருக்கு? அரைப்புள்ளியில! அதாவது எஸ்.க்யூ.எல்ல வாசகம் முடிஞ்சதுன்னு சொல்ற அதே குறி. மேற்கோளுக்குள்ள இருந்தவரைக்கும் பிரச்சினை இல்லை. ஒருநாள் பேக்கப்பைத் திரும்ப ஏத்த நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன், கோப்பை அரைப்புள்ளி வர்ற இடமெல்லாம் வெட்டி ஒவ்வொரு துண்டா அனுப்புற மாதிரி. வள்ளியப்பன் 'வள'வோட நின்னுட்டார். ளகரத்துக்குப் புள்ளி வச்சாலே கழுத்து வெட்டு. மெய்யெழுத்தே இல்லாத உமாவும் சீதாவும் மீனாவும் மட்டும் பத்திரமா ஏறியிருந்தாங்க. தொல்காப்பியர் மெய்க்குப் புள்ளி வைக்கச் சொன்னப்ப இதை எதிர்பாத்திருக்க மாட்டார்.

சரி, கடைசியா என்னதான் பண்ணினேன்? 2009-ல அந்தப் பதினொண்ணாவது பக்கத்தைத் திருத்தினதோட சரி. உண்மையான வேலை 2016-ல நடந்துச்சு, அதுவும் தானா வரலை. ஹோஸ்டிங்காரர் பி.ஹெச்.பி 7-க்கு மாத்திட்டார். பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்களை அதுல மொத்தமா எடுத்துட்டாங்க. 2013-லயே எச்சரிக்கை கொடுத்தாங்க, யார் படிச்சா? தளம் வெள்ளைத்தாள் மாதிரி ஆயிடுச்சு. 64 இடத்துல கை வைக்க வேண்டியதாப் போச்சு. அந்த ஆத்திரத்துல உருப்படியா ஒண்ணு செஞ்சேன்.

டேட்டாபேஸ்லயே 'வரிக்குரியோர்'னு ஒரு வியூ போட்டேன். யார் முழுப்புள்ளி, யார் அரைப்புள்ளி, யாருக்கு எவ்வளவு, எல்லாம் அதுக்குள்ள ஒரே தடவை. மைஎஸ்க்யூஎல்ல 2005-லேருந்தே, 5.0 பதிப்புலேருந்தே இருக்கிற வசதி இது, புதுசு ஒண்ணும் இல்லை. ஸ்கிரிப்ட்டுகள்ல இன்னமும் கையாலதான் செலக்ட் எழுதுறேன். ஆனா 'வரிக்குரியோர்லேருந்து குடு, ஊர் = :ஊர்'. அவ்வளவுதான். அடிப்படை அட்டவணையைத் தொட வலைப்பக்கத்தோட டேட்டாபேஸ் பயனருக்கு அனுமதியே கொடுக்கலை, வியூவை மட்டும்தான் பாக்கலாம். நானே சோம்பேறித்தனமா 'நிலை = அ'ன்னு ஒரு பக்கத்துல எழுதினாலும் டேட்டாபேஸ் முகத்துலயே கதவைச் சாத்தும். என் மேல எனக்கு இருக்கிற நம்பிக்கை அவ்வளவு.

இதை ஓ.ஆர்.எம் ஆதரவாளர்கள் அதிலயே செய்யலாம்னு சொல்வாங்க. செய்யலாம். செய்யட்டும். என் சங்கத்துல அடுத்து வர்ற பையன் பி.ஹெச்.பி தெரிஞ்சவனா பைத்தான் தெரிஞ்சவனான்னு எனக்குத் தெரியாது. எஸ்.க்யூ.எல் ஓரளவுக்குத் தெரிஞ்சிருக்கும். செயலாளர் அண்ணனுக்கே அந்த வியூவைத் தாள்ல அச்சடிச்சுக் காட்டினேன், வரிவரியாப் படிச்சுட்டு, "இதானே நம்ம தீர்மானம்?"னு கேட்டார்.

படிச்சதுல ஒரு வரியில விரலை வச்சார். முழுப்புள்ளின்னா இவ்வளவு, அரைப்புள்ளின்னா சுழியம், 'மற்றபடி' முழு வரின்னு எழுதியிருந்தேன். "மற்றபடின்னா யாருப்பா?"

விவாகரத்து ஆனவங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதினப்ப அப்படி யாரும் பட்டியல்ல இல்லை, அதனால யோசிக்கலை. இன்னிக்கு இருக்காங்க. அவங்க முழுப்புள்ளியா, அரையா, புள்ளியே இல்லையா? ஒரு பொண்ணு மூணு வருஷமா முழு வரி கட்டிக்கிட்டு வந்திருக்கு. சங்கம் அப்படி எந்தத் தீர்மானமும் போட்டதில்லை. நான் அவசரத்துல எழுதின 'மற்றபடி'தான் அந்தப் பொண்ணுக்கு வரி போட்டது. பதினோரு பக்கத்துல சிதறிக் கிடந்தவரைக்கும் அது யார் கண்ணுலயும் படலை.

"நீயே ஏதாவது போட்டுக்கப்பா"ன்னார் அண்ணன். மாட்டேன்னுட்டேன். அந்த வரியை எடுத்துட்டு, 'முடிவாகவில்லை'ன்னு வர்ற மாதிரி எழுதி வச்சேன். பட்டியல் அடிக்கும்போதெல்லாம் அந்தப் பேர்களுக்கு எதிர்ல இப்பவும் அப்படியே வருது, ஒவ்வொரு பொதுக்கூட்டத்துலயும் நேரமில்லைன்னு தள்ளிப் போகுது. மண்டபத்துல ஆச்சிகிட்ட இதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அடுத்த கூட்டம் என்னிக்கு?"ன்னு கேட்டாங்க. தையிலன்னு சொன்னேன். வர்றாங்களாம்.